ஓய்விலும் உடற்பயிற்சியிலும் நாடித்துடிப்பைக் கண்காணித்தல்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இதய நோய் ஆகியவற்றுக்காகக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் வைத்தியசாலைகளின் கிளினிக்குகளுக்குச் செல்பவர்களிடமும், வைத்தியர் சொன்னதற்காகக் குளக்கட்டிலோ பாடசாலை மைதானத்திலோ நடக்கத் தொடங்கியவர்களிடமும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விடைகள் பெரியவர்களுக்கானவை. குழந்தைகளின் நாடி இயல்பாகவே வேகமானது. இங்குள்ள எண்களை அவர்களுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

கேள்வி: ஓய்வாக இருக்கும்போது நாடித்துடிப்பு எவ்வளவு இருக்க வேண்டும்?

பெரியவர்களுக்கு நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இயல்பானது என்பது வைத்தியர்கள் பொதுவாகக் கொள்ளும் வரம்பு. நீண்ட காலம் ஓட்டம், நீச்சல், துவிச்சக்கர வண்டி ஓட்டம் போன்றவற்றில் பழகியவர்களுக்கு அது 40 முதல் 60 வரை இருப்பதும் உண்டு. அவர்களின் இதயம் ஒரு துடிப்பில் கூடுதலான குருதியை வெளியேற்றுவதால் அடிக்கடி துடிக்க வேண்டிய தேவை இல்லை.

ஆனால் 60–100 என்பது மிகவும் அகலமான வரம்பு. வழமையாக 64 இருக்கும் ஒருவருக்கு ஒரு கிழமையாக 88 காட்டினால், அது வரம்புக்குள்தான் இருக்கிறது என்றாலும், அவருடைய உடலில் ஏதோ மாறியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். வழமையாக 86 இருக்கும் இன்னொருவருக்கு அதே 88 பொருட்டல்ல. ஆகவே அயலவரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதை விட, உங்களுக்கு வழமையான எண் எது என்பதை நலமாக இருக்கும் காலத்திலேயே அறிந்து வைத்திருப்பது பயனுள்ளது. இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான விடைகள் அந்த ஓர் எண்ணை வைத்தே சொல்லப்படுகின்றன.

கேள்வி: கருவி எதுவும் இல்லாமல் சரியாக எண்ணுவது எப்படி?

காலையில் கண் விழித்த பின், தேநீர் குடிப்பதற்கும் முற்றம் கூட்டுவதற்கும் முன்பு எண்ணுவது சிறந்தது. எழுந்து நடந்துவிட்டீர்கள் என்றால் 5 நிமிடம் பேசாமல் அமர்ந்திருந்து எண்ணுங்கள். இடக்கையை உள்ளங்கை மேல் நோக்கியிருக்கும்படி மடியில் வைத்து, வலக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் இடக்கைப் பெருவிரலின் அடியில், மணிக்கட்டு எலும்புக்கும் நடுவே ஓடும் தசைநாணுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் வையுங்கள். மெதுவாக அழுத்தினால் துடிப்பு விரலில் தட்டும். பலமாக அழுத்தினால் நாடி நசுங்கித் துடிப்பு மறைந்துவிடும். வயல்வேலை செய்து காய்த்துப்போன விரல்களுக்கு முதலில் எதுவும் தெரியாமல் போவதும் உண்டு, அப்போது விரல்களைச் சற்று மேலும் கீழும் நகர்த்திப் பார்க்க வேண்டும். பெருவிரலால் பார்க்கக் கூடாது, ஏனெனில் பெருவிரலுக்கே வலுவான துடிப்பு உண்டு. பிறருக்குப் பார்க்கும்போது உங்களுடையதையே எண்ணிவிட நேரும்.

சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளையோ கைத்தொலைபேசியையோ பார்த்து 30 விநாடிகள் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குபவர்கள் பலர். அதில் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் விடையில் நான்கு பிழைக்கும். துடிப்பு ஒழுங்கற்று இருந்தால் முழு நிமிடமும் எண்ணியே ஆக வேண்டும்.

மணிக்கட்டில் கிடைக்காவிட்டால் கழுத்தில், குரல்வளைக்குப் பக்கத்தில் உள்ள பள்ளத்தில் பார்க்கலாம். ஒரு பக்கத்தை மட்டுமே, மென்மையாகத் தொட வேண்டும். இரு பக்கத்தையும் ஒருசேர அழுத்துவது ஆபத்தானது. வயதானவர்களுக்கு ஒரு பக்கத்தைப் பலமாக அழுத்துவதே துடிப்பைக் குறைத்து மயக்கம் வரச் செய்யலாம்.

கிடைத்த எண்ணைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியுடன் எழுதி, பக்கத்தில் ஓரிரு சொல் சேருங்கள்: "நித்திரை இல்லை", "காய்ச்சல்", "குளிசை போடவில்லை". ஒரு கிழமை இப்படி எழுதினால் உங்கள் வழமையான எண் தானாகத் தெரியவரும். அதன் பிறகு தினமும் பார்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. மணிக்கொரு தடவை நாடி பிடித்துப் பார்ப்பதே சிலருக்குப் பதற்றத்தை உண்டாக்கித் துடிப்பை ஏற்றிவிடுகிறது.

கேள்வி: வீட்டில் உள்ள பிரஷர் மெசினும் ஒட்சிமீற்றரும் காட்டும் எண் இதுதானா?

ஆம். பிரஷர் மெசின் காட்டும் மூன்று எண்களில் மேலுள்ள இரண்டும் குருதி அமுக்கம். அடியில் இருப்பதே நாடித்துடிப்பு. பிரஷர் வேறு, துடிப்பு வேறு. ஒன்று ஏறினால் மற்றதும் ஏற வேண்டும் என்ற நியதி இல்லை. கொரோனாக் காலத்தில் பலர் வாங்கி வைத்த விரல்நுனி ஒட்சிமீற்றரில் சதவீதமாகக் காட்டப்படுவது குருதியில் உள்ள ஒட்சிசனின் அளவு. அந்த 98ஐத் துடிப்பு என்று எண்ணிப் பயந்து வைத்தியசாலைக்கு வந்தவர்களும் உண்டு. குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சு இட்ட விரலிலும் அக்கருவி பிழையாகக் காட்டக்கூடும்.

கேள்வி: சித்த வைத்தியர் பார்க்கும் நாடியும் இதுவும் ஒன்றா?

தொடும் இடம் ஒன்றே. சித்த வைத்தியர் மூன்று விரல்களால் வாத, பித்த, கப நாடிகளின் நடையை உணர்கிறார். இங்கே சொல்லப்படுவது ஒரு நிமிடத்தின் எண்ணிக்கையும் அதன் ஒழுங்கும் மட்டுமே.

கேள்வி: எனக்கு ஓய்விலேயே 95, 100 என்று இருக்கிறது. காரணம் என்னவாக இருக்கும்?

முதலில் எளிய காரணங்களைப் பாருங்கள். சற்று முன் குடித்த கோப்பி அல்லது கடும் சாயத் தேநீர், பீடி, சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை, நித்திரைக் குறைவு, தண்ணீர் போதாமை, மனக்கவலை ஆகிய எதுவும் துடிப்பை ஏற்றும். ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சல்பியூட்டமோலும், அளவு கூடிப்போன தைரொக்சின் குளிசையும் ஏற்றும். கர்ப்ப காலத்தில் நிமிடத்திற்கு 10 முதல் 20 வரை கூடுவது இயல்பு.

இவை எதுவும் இல்லாமல் பல நாட்கள் 100க்கு மேல் இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். குருதிச்சோகை, தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரத்தல், மறைந்திருக்கும் தொற்று, இதயத்தின் பலவீனம் ஆகியவற்றை அவர் ஆராய்வார். பெண்களில் குருதிச்சோகையே முதலில் நினைக்கப்பட வேண்டியது; களைப்பு என்று சொல்லி மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது.

காய்ச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும். உடல் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் துடிப்பு ஏறத்தாழ 10 கூடும். காய்ச்சல் இறங்கினால் அதுவும் இறங்க வேண்டும். வாடைக்கால மழைக்குப் பின் டெங்கு பரவும் நாட்களில், காய்ச்சல் விட்ட பிறகும் நாடி வேகமாகவும் மெலிதாகவும் இருந்து, கைகால் குளிர்ந்து, வயிற்றுவலியோ தொடர் வாந்தியோ இருந்தால், நோய் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். குருதிக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து அதிர்ச்சி நிலை தொடங்குவதன் அடையாளம் அது. காய்ச்சல் தொடங்கி 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் இது பெரும்பாலும் நிகழ்கிறது. அன்றிரவே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கேள்வி: 50க்குக் கீழே இருந்தால்?

தலைச்சுற்று, மயக்கம், மூச்சுத்திணறல் எதுவும் இல்லாமல், உழைத்துப் பழகிய உடலாக இருந்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. பிரஷர் குளிசையும் காரணமாகலாம். அதைப் பற்றிப் பின்னால் வருகிறது. மூவருக்கு மட்டும் இது அவசரமானது: தலைச்சுற்றோ மயக்கமோ உள்ளவர், சிறுநீரக நோயாளி, ஏனெனில் குருதியில் பொட்டாசியம் கூடினால் துடிப்பு ஆபத்தான அளவு குறையலாம், பூச்சிமருந்து தெளித்துவிட்டு வந்து வியர்வை, எச்சில் ஊறல், வயிற்றுப்போக்கு, கண்பார்வை மங்கல் ஆகியவற்றோடு துடிப்பும் குறைந்திருப்பவர்.

கேள்வி: இடையிடையே ஒரு துடிப்பு தவறுவது போல இருக்கிறதே?

எப்போதாவது ஒரு துடிப்பு முந்தி வந்து, பின் சிறிய இடைவெளி விட்டு அடுத்தது பலமாக அடிப்பது பலருக்கும் நேர்வது. கோப்பியும் நித்திரைக் குறைவும் அதைக் கூட்டும். எந்த ஒழுங்கும் இல்லாமல், சில வேகமாகவும் சில மெதுவாகவும் சில பலமாகவும் சில மெலிதாகவும் தொடர்ந்து துடித்தால் அது வேறு. இதயத்தின் மேலறைகள் முறையின்றித் துடிக்கும் அந்த நிலையில் உள்ளே குருதி உறைந்து, உறைகட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் வரக்கூடும். ஓர் ஈ.சி.ஜி. எடுத்தால் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. எனவே விரலில் ஒழுங்கின்மை தெரிந்தால் எண்ணிக்கை 80 ஆக இருந்தாலும் காட்டுங்கள்.

கேள்வி: நடக்கும்போதும் ஓடும்போதும் துடிப்பு எவ்வளவு வரை ஏறலாம்?

உச்சத் துடிப்பைக் கணக்கிடப் பலரும் அறிந்த வழி, 220இலிருந்து வயதைக் கழிப்பது. 2001இல் வெளிவந்த ஆய்வொன்று முன்வைத்த இன்னொரு வழி, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிப்பது; வயதானவர்களுக்கு இது சற்றுப் பொருத்தமானது. மிதமான பயிற்சிக்கு உச்சத்தின் 50 முதல் 70 சதவீதமும், கடுமையான பயிற்சிக்கு 70 முதல் 85 சதவீதமும் இலக்காகச் சொல்லப்படுகின்றன.

52 வயதான, ஓய்வில் 72 துடிப்புள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் வழியில் அவருடைய உச்சம் 168. இரண்டாம் வழியில் ஏறத்தாழ 172. 168ஐ வைத்தால் மிதமான பயிற்சிக்கு 84 முதல் 118 வரை வருகிறது. 84 என்பது அவர் படலையைத் திறந்து வீதிக்கு வரும்போதே எட்டிவிடும் எண். அதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது. இந்தக் குறையைத் தீர்க்கவே ஓய்வுத் துடிப்பையும் கணக்கில் சேர்க்கும் கார்வோனன் முறை பயன்படுகிறது. உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்தால் வருவது இதயத்தின் கையிருப்பு: 168இலிருந்து 72 போக 96. அதில் 40 சதவீதமான 38ஐ 72உடன் கூட்டினால் 110. 59 சதவீதமான 57ஐக் கூட்டினால் 129. ஆக, இந்த முறையில் அவருக்கு மிதமான நடை 110 முதல் 129 வரை.

இரண்டு முறைகளும் வேறுவேறு விடை தருவதைப் பார்த்து எது உண்மை என்று கேட்பார்கள். எல்லாமே மதிப்பீடுகள், ஒரே வயதினரிடையே உண்மையான உச்சம் கணக்கிட்டதிலிருந்து 10 அல்லது 12 துடிப்பு கூடியோ குறைந்தோ இருப்பது சாதாரணம். ஆகவே எண்ணை ஒரு பக்கமும் வாயை ஒரு பக்கமும் வைத்துப் பாருங்கள். நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு முழு வசனமாகப் பேச முடிகிறது, ஆனால் தேவாரம் பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. சில சொற்களுக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் கடுமையான பயிற்சி. இரண்டும் முரண்பட்டால் நான் மூச்சையே நம்பச் சொல்வேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது, கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடுமையான பயிற்சி. இரணைமடுக் கட்டிலோ வவுனிக்குளக் கட்டிலோ கிழமையில் ஐந்து நாள் அரை மணிநேரம் விறுவிறுப்பாக நடப்பவர் அதன் கீழெல்லையை எட்டிவிடுகிறார்.

கேள்வி: வயலிலும் கடலிலும் வேலை செய்பவருக்குத் தனியாக உடற்பயிற்சி வேண்டுமா?

கரைவலை இழுப்பவருக்கும் நாள் முழுதும் மண்வெட்டி பிடிப்பவருக்கும் அன்றைய பயிற்சி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். சிக்கல், வேலை இல்லாத மாதங்களில் இருக்கிறது. மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிந்த பின், சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் கிடைக்காத கமக்காரர் பலர் புரட்டாதி வரை அதிகம் உழைப்பதில்லை. வயல் வேலையில் பெரும்பகுதியை இயந்திரமும் எடுத்துக்கொண்டுவிட்டது. பிறகு விதைப்புக் காலத்தில் ஒரே நாளில் முழு வேலைக்கும் இறங்குகிறார்கள். பழக்கம் விட்ட இதயம் அன்று 150க்கு மேல் துடிக்கலாம். இடைப்பட்ட மாதங்களில் நடையைக் கைவிடாமல் இருப்பதே இதற்கு மருந்து. நெல் மூட்டை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். அது குருதி அமுக்கத்தைத் திடீரென்று ஏற்றும்.

கேள்வி: வெயிலில் அதே தூரம் நடந்தால் துடிப்பு கூடுவது ஏன்?

உடலின் சூட்டை வெளியேற்ற இதயம் குருதியைத் தோலுக்கும் அனுப்ப வேண்டியிருக்கிறது. வியர்வையால் குருதியின் நீர்ப்பகுதியும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு குறைவதால் துடிப்பின் எண்ணிக்கை கூடுகிறது. வேகத்தைக் கூட்டாமலே அரை மணிநேரத்தின் முடிவில் தொடக்கத்தில் இருந்ததை விட 10, 15 கூடியிருக்கலாம். சோளகக் காற்று வியர்வையை உலர்த்திவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்பது தெரிவதில்லை. சித்திரை முதல் ஆவணி வரை காலை 7 மணிக்கு முன் அல்லது பொழுது சாயும்போது நடப்பதும், தண்ணீர் குடித்துவிட்டு இறங்குவதும் நல்லது. வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் உறவினர்கள் மறுநாளே மைதானத்தில் ஓடுவதைத் தவிர்க்க வேண்டும். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு கிழமை ஆகும்.

கேள்வி: நான் பிரஷருக்கும் இதயத்துக்கும் குளிசை எடுக்கிறேன். இந்தக் கணக்கு எனக்குப் பொருந்துமா?

அட்டெனோலோல், பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல், கார்வெடிலோல் போன்றவை துடிப்பைக் குறைக்கும் மருந்துகள். டில்டியாசெம், வெராபமில் ஆகியவையும் அவ்வாறே. இவற்றை எடுப்பவர் எவ்வளவு விரைந்து நடந்தாலும் துடிப்பு 110ஐத் தாண்டாமல் இருக்கலாம். 129ஐ எட்ட வேண்டும் என்று ஓடினால் அளவுக்கு மீறிய உழைப்பாகிவிடும். உங்களுக்குப் பேச்சும் மூச்சுமே அளவுகோல். துடிப்பு குறைவாக இருக்கிறது என்று குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இவ்வகை மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரக்கூடும்.

கேள்வி: கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பலாமா?

ஓய்வில் ஓரளவு நம்பலாம். அதன் அடியில் உள்ள பச்சை ஒளி தோலுக்குள் சென்று, குருதி வந்து போவதற்கேற்பத் திரும்பும் ஒளியின் மாற்றத்தை எண்ணுகிறது. பட்டி தளர்ந்திருந்தாலோ, கை எதையாவது இறுகப் பற்றியிருந்தாலோ, கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதோ கணக்குப் பிழைக்கும்; ஓடும்போது காலடிகளையே துடிப்பாக எண்ணிவிடுவதும் உண்டு. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கமாகக் கட்டுங்கள். திடீரென்று 180 காட்டினால் பதறாமல் நின்று, விரலால் எண்ணிப் பாருங்கள். மார்பில் கட்டும் பட்டி இதயத்தின் மின்னசைவையே அளப்பதால் கூடுதல் துல்லியமானது, ஆனால் நடைப்பயிற்சி மட்டும் செய்பவர் அதை வாங்க வேண்டிய தேவை இல்லை.

கேள்வி: போரில் காலை இழந்தவர்களும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் எப்படிக் கணக்கிடுவது?

செயற்கைக் காலில் நடப்பதற்குக் கூடுதல் சக்தி தேவை. முழங்காலுக்கு மேல் இழந்தவருக்கு இன்னும் கூடுதலாகத் தேவை. ஆகவே மற்றவர் 100 துடிப்பில் நடக்கும் வேகத்தில் அவருக்கு 120 வரலாம், அது நோயல்ல. சக்கர நாற்காலியைக் கையால் உருட்டுபவருக்கும் கைப்பயிற்சி செய்பவருக்கும் எட்டக்கூடிய உச்சம், கால்களால் ஓடுபவரின் உச்சத்தை விட ஏறத்தாழ 10 முதல் 15 குறைவாக இருக்கும். இலக்கையும் அந்த அளவு குறைக்க வேண்டும். முள்ளந்தண்டின் மேற்பகுதியில், நெஞ்சு மட்டத்திலோ கழுத்திலோ காயமுற்றவர்களுக்கு இதயத்துக்குச் செல்லும் நரம்புத் தூண்டலே தடைப்பட்டிருப்பதால் கடுமையாக உழைத்தாலும் துடிப்பு 130ஐத் தாண்டாமல் நிற்கலாம். அவர்களுக்கு எண் உதவாது.

இரு கைகளையும் இழந்தவருக்குக் கழுத்தில் பார்க்கலாம். உடலில் தங்கிவிட்ட செல் துண்டுகள் கைக்கடிகாரத்தின் அளவீட்டைக் கெடுப்பதில்லை.

கேள்வி: இரவில் கனவு கண்டு எழும்போது நெஞ்சு படபடக்கிறது. இது இதய நோயா?

கொடுங்கனவுக்குப் பிறகும், வெடிச்சத்தம் கேட்டாலும், துடிப்பு 120க்கு ஏறிச் சில நிமிடங்களில் இறங்குவது அச்சத்துக்கு உடல் காட்டும் இயல்பான எதிர்வினை. வன்னியில் இது பலருக்கு உண்டு. இருந்தாலும் முதலில் ஓர் ஈ.சி.ஜி. எடுத்து இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதி செய்து, பின் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போவதே முறை. எல்லாம் மனப்பிரமை என்று சொல்லி அனுப்பிவிடுவது சரியல்ல.

கேள்வி: பயிற்சியை நிறுத்திய பின் எவ்வளவு நேரத்தில் துடிப்பு இறங்க வேண்டும்?

நிறுத்திய உடன் எண்ணி, சரியாக ஒரு நிமிடம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். முதல் நிமிடத்தில் 12க்கு மேல் இறங்குவது நல்லது. பழகிய உடலில் 20, 30 இறங்கும். தொடர்ந்து 12 அல்லது அதற்குக் குறைவாகவே இறங்கினால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கதிர்காமப் பாதயாத்திரைக்குப் போக இருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு முல்லைத்தீவு வழியாகக் கிழக்குக் கரையோரமாகச் செல்லும் யாத்திரை, வாரக்கணக்கில் வெயிலில் நடப்பது. இரண்டு மாதத்துக்கு முன்பே நடைத் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வழியில் ஒவ்வொரு காலையும் எழுமுன் நாடியை எண்ணுங்கள்; வழமையை விட 10 கூடியிருந்தால் முந்தைய நாளின் களைப்போ நீரிழப்போ தீரவில்லை என்று பொருள். அடுத்த நாளும் இறங்காவிட்டால் ஒரு நாள் தங்கி இளைப்பாறுவதால் நேர்த்திக்குக் குறை வராது. குளிசை எடுப்பவர்கள் முழு யாத்திரைக்கும் போதுமானதை எடுத்துச் செல்ல வேண்டும், குமண, யால காட்டுப் பகுதியில் பாமசி கிடையாது.

கேள்வி: எப்போது 1990ஐ அழைக்க வேண்டும்?

நெஞ்சில் இறுக்கமோ வலியோ சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், அது கைக்கோ தாடைக்கோ பரவினால், குளிர் வியர்வையோடு மூச்சு முட்டினால், மயங்கி விழுந்தால், ஓய்விலேயே துடிப்பு 120க்கு மேல் நின்று தலை சுற்றினால், எண்ணிக்கொண்டிருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் மூச்சுத்திணறலும் மட்டும் வரக்கூடும். வாய்வு என்று சொல்லி உள்ளியும் இஞ்சியும் கொடுத்துக் காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் இதயத் தசை கெட்டுப்போகிறது.

உட்கிராமங்களில் வீட்டு இலக்கம் சொல்லிப் பயனில்லை. ஏ9 வீதியிலோ பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலோ எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், எந்தக் கோயில் அல்லது பாடசாலை தாண்டி, எந்த வாய்க்கால் ஓரமாக வர வேண்டும் என்று சொல்லுங்கள். ஒருவரை மோட்டார் சைக்கிளில் சந்திக்கு அனுப்பி நிற்கச் செய்யுங்கள். நோயாளியை நடக்க விடாமல் சாய்த்து இருத்தி, கிளினிக் கொப்பியையும் அவர் எடுக்கும் குளிசைகளையும் ஒரு பையில் போட்டு அவரோடு அனுப்புங்கள்.